நடுவரின் கண் முதலில் எங்கே போகிறது

சிகை அலங்காரப் போட்டிகளில் ஒளிப்படத் தொகுப்புகளுக்கு மதிப்பெண் இடும் முறையைப் பற்றி எனக்குள் ஒரு கேள்வி நெடுநாளாகத் தீராமல் இருக்கிறது. பரிசு முடியை வெட்டியவருக்கும் அலங்கரித்தவருக்கும் வழங்கப்படுகிறது. ஆனால் நடுவர்களின் முன்னால் முடி இருப்பதில்லை. படப்பிடிப்பு முடிந்த அன்று மாலையே மாடல் பெண் ஊசிகளைக் கழற்றித் தலையை அலசியிருப்பார். இன்னொரு கலைஞர் தம்முடைய விளக்குகளாலும் லென்ஸாலும் அந்தத் தலையைப் பற்றிச் சொல்லிய செய்தி மட்டுமே நம் கைக்கு வருகிறது. செய்தி எவ்வளவு அழகாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. சொல்லப்பட்ட பொருள் எவ்வளவு உயர்ந்தது என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத நடுவர், தம்மை அறியாமலே ஒளிப்படக் கலைஞருக்குச் சேர வேண்டிய பரிசை முடிதிருத்தக் கலைஞருக்குக் கொடுத்துவிடுவார், அல்லது ஒளிப்படக் கலைஞரின் குறைக்காக முடிதிருத்தக் கலைஞரைத் தண்டித்துவிடுவார்.

சென்னையில் முடி வெட்டுவதையும் அதைக் கற்றுக்கொடுப்பதையும் தொழிலாகக் கொண்டவள் நான். என்னிடம் பயிலும் பிள்ளைகள் பலர் இன்று போட்டிக்குப் படம் அனுப்புவதையே தங்கள் தொழில் வாழ்க்கையின் முதல் பெரிய படியாகக் கருதுகிறார்கள். அப்படிக் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் ஹேர்டிரெஸ்ஸர்ஸ் ஜர்னல் இதழ் 1985-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹேர்டிரெஸ்ஸிங் விருதுகள் முழுக்க முழுக்க ஒளிப்படத் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்டவை. முதல் ஆண்டில் அதன் தலையாய விருதைப் பெற்ற ட்ரெவர் சோர்பி தொடங்கி, அந்த மேடையில் ஏறியவர்களின் தொகுப்புகள் உலகெங்கும் பயிற்சி வகுப்புகளின் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வட அமெரிக்காவின் சிகை அலங்கார விருதுகளான நாகா விருதுகளும் ஆஸ்திரேலியாவின் விருதுகளும் இதே வழியில் நடப்பவை. நம் நாட்டில் அழகுப்பொருள் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நடத்தும் சிறு போட்டிகளும் அந்த அச்சையே பின்பற்றுகின்றன. ஆகவே ஒரு தொகுப்பை நடுவர் எப்படிப் பார்க்கிறார் என்பது எங்கள் தொழிலில் எந்த வேலை உயர்ந்தது என்று அடுத்த தலைமுறை நம்பப்போகிறது என்பதைத் தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது.

காகிதத்தால் மூடிய முகங்கள்

என் மனத்தில் இந்தக் கேள்வி கூர்மையடைந்தது, தென்னிந்திய அளவில் நடந்த ஒரு போட்டிக்கு நடுவர்களில் ஒருத்தியாக அமர்ந்த அன்றுதான். ஒவ்வொரு போட்டியாளரும் நான்கு படங்கள் அனுப்ப வேண்டும்; நான்கிலும் வெவ்வேறு மாடல்கள் இருக்க வேண்டும். பெயர்களை நீக்கி, எண் மட்டும் இட்டு, நீண்ட மேசையில் அச்சுப்படங்களாகப் பரப்பியிருந்தார்கள். நடுவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஓர் ஒளிப்படக் கலைஞரும், மதுரையில் பல ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்துவரும் ஓர் அம்மையாரும் இருந்தார்கள். எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம்.

முதல் சுற்றில் மேசையைச் சுற்றி நடந்தபோதே ஒரு தொகுப்பு எல்லோரையும் நிறுத்தியது. புகைமூட்டமான பின்னணி, கூரிய கன்ன எலும்புகள் கொண்ட மாடல்கள், மேலெழுந்து காற்றில் உறைந்தாற்போன்ற பொன்னிற முடி, எலும்பு நிறத்தில் உடைகள். அதற்கு இரண்டு தொகுப்புகள் தள்ளி, சாம்பல் நிறப் பின்னணியில் நான்கு பெண்களின் படங்கள் இருந்தன. நால்வருக்கும் கறுப்பு முடி. ஒருவர் ஐம்பதைக் கடந்தவர். எல்லோருக்கும் பிடரி தெரியும்படி குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. ஒளி தட்டையாக விழுந்திருந்ததால் முடி ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் அதை ஒரு பார்வையில் கடந்தார்கள்.

அக்கா மட்டும் நகரவில்லை. அமைப்பாளர்களிடம் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். இரு தொகுப்புகளிலும் ஒவ்வொரு படத்தின் முகத்தையும் உடையையும் தாளால் மறைத்து, முடி மட்டும் தெரியும்படி வைத்தார். "இப்பப் பாருங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாங்கள் குனிந்து பார்த்தோம். பொன்னிறத் தொகுப்பில் நான்கு தலைகளிலும் இருந்தது ஏறத்தாழ ஒரே வேலை. சவுரித் துண்டு ஒன்று உச்சியில் பொருத்தப்பட்டு மேல்நோக்கி வாரப்பட்டிருந்தது. காதுக்கு மேலே அது சேரும் இடம், மாடலின் சொந்த முடியிலிருந்து அடர்த்தியிலும் மினுமினுப்பிலும் வேறுபட்டு, ஒரு கோடாகவே தெரிந்தது. தலையின் பின்புறம் எந்தப் படத்திலும் இல்லை. கறுப்பு முடித் தொகுப்பிலோ நான்கு பிடரிகளும் நான்கு விதமாக முடிந்திருந்தன. ஒரு பெண்ணுக்குப் பிடரியில் முடி இடப்பக்கமாக ஏறி வளர்வதை அந்தக் கை கவனித்து, அந்தப் பக்கத்தில் நீளத்தைச் சற்றே கூட்டி, கோடு நேராகப் படியும்படி செய்திருந்தது. உச்சியில் இரட்டைச் சுழி உள்ள இன்னொரு பெண்ணுக்கு, சுழியை அமுக்க முயலாமல், அதன் போக்கிலேயே அடுக்கை அமைத்து, முடி தானாக எழும் இடத்தையே அழகாக மாற்றியிருந்தது. இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். கற்றும் வராதவர்கள் உண்டு.

அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு ஒளிப்படக் கலைஞர் தம் மறுப்பைச் சொன்னார். "அக்கா, முகத்தை மூடிட்டா இந்த வெட்டு யாருக்காக வெட்டினது என்பதையும் சேர்த்தே மூடிடறோம்" என்றார். அவருடைய மறுப்பில் உண்மை இருந்தது. அன்றிலிருந்து என் மனத்தைக் குடைவதும் அதுதான். முடியை முகத்திலிருந்து பிரித்தெடுத்து மதிப்பிட முடியுமா?

எங்கள் தொழிலின் வரலாறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. 1963-இல் லண்டனின் முடிதிருத்தக் கலைஞர் விடால் சாசூன், நடிகை நான்சி குவானின் நீண்ட கறுங்கூந்தலை வெட்டிக் கழுத்தளவு ‘பாப்’ எனும் குட்டை வெட்டாக ஆக்கினார். ஒளிப்படக் கலைஞர் டெரன்ஸ் டோனவன் அதைப் படம் பிடித்தார். முடியின் நுனிக்கோடு தாடையெலும்பை நோக்கி முன்னால் இறங்குகிறது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் அந்தக் கோட்டுக்குக் காரணமே இல்லாமல் போகும். முக எலும்பைப் பார்த்து வெட்ட வேண்டும் என்று சாசூன் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததன் பொருள் அதுவே. மறுபுறம், நைஜீரியாவின் ஒளிப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஒஜெய்கெரே 1968 முதல் தம் நாட்டுப் பெண்களின் பின்னல்களையும் நூல் சுற்றிய சிகைகளையும் ஏறத்தாழ ஆயிரம் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தார். அவற்றுள் மிகப் பல, பின்புறத்திலிருந்து எடுத்தவை, முகமே இல்லை. ஆனாலும் வகிடு எங்கே தொடங்குகிறது, எத்தனை பிரிவாகப் பிரிகிறது, எந்த இடத்தில் முடி முடியோடு இணைகிறது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தே ஒருவர் திரும்பச் செய்துவிடலாம். சிகையின் கட்டுமானத்தை அவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டையும் எண்ணிப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இது. முகத்தை மறைப்பதா வேண்டாமா என்பதைவிட எதை முதலில் பார்க்கிறோம் என்பதே முக்கியம். முகமும் உடையும் ஒளியும் முதலில் கண்ணில் பட்டுவிட்டால், அவை தரும் இன்பம் முடியின் மேல் படிந்துவிடுகிறது. அதன்பின் முடியில் உள்ள குறையை மனம் மன்னிக்கக் காரணம் தேடுகிறது. மாறாக, முடியை முதலில் தனியே பார்த்து, வெட்டின் கோடு, வேரின் திசை, இணைப்பு, மேற்பரப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணை எழுதிவைத்துவிட்டு, அதன்பின் தாளை எடுத்து முகத்தோடு சேர்த்துப் பார்த்தால், பொருத்தம் என்பதற்கு அதற்குரிய இடம் கிடைக்கிறது. மூன்றாவதாக நான்கு படங்களையும் ஒரே தொகுப்பாகப் பார்க்க வேண்டும். ஒளிப்படத்தின் அழகு கடைசியில் வர வேண்டும். வரிசை மாறினால் தீர்ப்பு மாறுகிறது என்பதை அன்று மேசையருகில் என் கண்ணாலேயே கண்டேன்.

நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி

அன்றைய உணவு இடைவேளையில் அக்கா சொன்ன ஒரு செய்தி இந்தச் சிந்தனையை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. மணப்பெண்ணுக்கு அதிகாலையில் பின்னிய ஜடை, முகூர்த்தத்தில் ஓமப்புகையிலும் வியர்வையிலும் நின்று, மாலை வரவேற்பு வரை குலையாமல் இருக்க வேண்டும். பூவின் எடையும் நகையின் எடையும் அதன் மேல் இருக்கும். உறவினர்கள் நான்கு பக்கமிருந்தும் பார்ப்பார்கள். படத்துக்காகச் செய்யும் சிகையோ, ஸ்டுடியோ விளக்கு மின்னும் நொடியின் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் நின்றால் போதும். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் கிளிப் இருக்கலாம், நூல் இருக்கலாம், உதவியாளர் ஒருவர் குனிந்து நின்று கையால் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. படப்பிடிப்பின் இயல்பே அது. ஆனால் நடுவர் இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

நேரடிப் போட்டிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. வேர்ல்டுஸ்கில்ஸ் என்ற உலகத் தொழில்திறன் போட்டியின் சிகை அலங்காரப் பிரிவில் போட்டியாளர்கள் கூடத்தை விட்டு வெளியேறிய பிறகு நடுவர்கள் பொம்மைத் தலைகளைச் சுற்றி வந்து, சீப்பால் எடுத்து, நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒளிப்படத் தொகுப்பில் சுற்றி வர வழியில்லை. ஆனால் நான்கு படங்கள் இருக்கின்றன. ஒரு தொகுப்பில் ஒரு படமாவது பின்புறத்தையோ பக்கவாட்டையோ முழுமையாகக் காட்டுகிறதா என்பதை நான் இப்போது முதலில் தேடுகிறேன். நான்கும் நேர்முகமாக இருந்தால், அது குற்றமல்ல. ஆனால் அந்தத் தொகுப்பு தொழில்நுட்ப மதிப்பெண்ணில் தன்னைப் பற்றிக் குறைவாகவே சாட்சியம் அளித்திருக்கிறது. காட்டாததற்கு மதிப்பெண் இட முடியாது என்று அமைப்பாளர்கள் விதியிலேயே எழுதிவிட்டால், போட்டியாளர்கள் தாமாகவே பின்புறத்தைக் காட்டத் தொடங்குவார்கள்.

தொகுப்பு என்று எதைச் சொல்கிறோம்

பல நடுவர்கள் ஒருமைப்பாட்டுக்கு மதிப்பெண் தருகிறார்கள், தர வேண்டியதுதான். ஆனால் ஒரே பின்னணி, ஒரே நிறத்தில் உடை, ஒரே மாதிரியான உதட்டுச்சாயம் ஆகியவை ஒருமைப்பாடு அல்ல. அவை உடை அலங்காரக் கலைஞரும் ஒப்பனைக் கலைஞரும் தந்த ஒருமைப்பாடு. முடியில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். ஒரு நல்ல இசைக்கலைஞர் ஒரே ராகத்தை நான்கு கீர்த்தனைகளில் நான்கு முகங்களாகக் காட்டுவதைப் போல, அந்த ஒரே கேள்வி நான்கு வகையான முடியில், நான்கு வகையான தலையமைப்பில் எப்படி விடை காண்கிறது என்பது தெரிய வேண்டும். நான் மேலே சொன்ன கறுப்பு முடித் தொகுப்பின் கேள்வி மிகத் தெளிவானது: முடி வளரும் திசைக்கு எதிராகப் போகாமல் குட்டை வெட்டு எவ்வளவு தூரம் போக முடியும்? நேராக இறங்கும் முடியிலும், அலைமுடியிலும், நரை கலந்து முரட்டுத்தன்மை ஏறிய முடியிலும், மிக மெல்லிய முடியிலும் அது கேட்கப்பட்டிருந்தது. பொன்னிறத் தொகுப்பில் கேள்வியே இல்லை. ஒரு விடை மட்டும் நான்கு முறை அச்சாகியிருந்தது.

தொகுப்பின் வலிமை அதன் மிக மெலிந்த படத்தில்தான் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம். மூன்று சிறந்த படங்களோடு ஒரு சுமாரான படம் வரும்போது, அந்த மூன்றும் தற்செயலாக வந்தனவோ என்ற ஐயத்தை நான்காவது எழுப்பிவிடுகிறது. போட்டியாளர் தம் வேலையைத் தாமே மதிப்பிடும் திறன் பெற்றிருக்கிறாரா என்பதையும் அந்த நான்காவது படம் சொல்லிவிடுகிறது. படங்களின் எண்ணிக்கையைப் போட்டியே நிர்ணயிப்பதால் மெலிந்ததை விலக்கவும் வழியில்லை. இன்னொரு மாடலை அமர்த்தி, இன்னொரு நாள் ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும். பணவசதி உள்ள நிலையங்கள் அதைச் செய்கின்றன. தனியாளாகத் தொழில் நடத்தும் பெண்ணால் முடிவதில்லை. இதை நடுவர் தம் மதிப்பெண்ணால் சரிசெய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒளியின் தரத்துக்கும் உடையின் விலைக்கும் மதிப்பெண் போகாமல் பார்த்துக்கொள்வதன் மூலம் அந்த இடைவெளி மேலும் விரியாமல் தடுக்க முடியும்.

கறுப்பு முடியும் விளக்கும்

இங்கே நம் ஊர்க் கலைஞர்களுக்கு மிகவும் நெருக்கமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. வெளிறிய முடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன் அடுக்குகளும் முறுக்குகளும் எளிய விளக்கிலேயே தனித்தனியாகத் தெரிகின்றன. கறுப்பு முடி ஒளியை உறிஞ்சுகிறது. பின்புறத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ ஒரு விளக்கு அதன் விளிம்பைத் தொடாவிட்டால், எவ்வளவு நுணுக்கமான வெட்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். சரியாக ஒளி அமைத்தால் அதே கறுப்பு முடி, கண்ணாடிப் பரப்பைப் போல மின்னி, வெட்டின் கோட்டை வேறெந்த நிறத்தையும்விடத் துல்லியமாகக் காட்டும். நான்சி குவானின் படம் அதற்குச் சான்று. ஆனால் அந்த ஒளியமைப்புக்கு அறிவும் கருவியும் நேரமும் வேண்டும். அதனால்தான் நம் பிள்ளைகள் பலர் போட்டி என்றதும் மாடலின் முடியை வெளுக்கத் தொடங்குகிறார்கள். அன்றாடம் தங்கள் நாற்காலியில் வந்து அமரும் பெண்களின் முடியைப் பற்றிப் போட்டியில் எதுவும் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அந்த முடிவுக்கு அவர்களைத் தள்ளியது எங்களைப் போன்ற நடுவர்களின் பழக்கப்பட்ட கண்.

மற்ற நாடுகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. பிரிட்டனில் ஆப்பிரிக்க வகைச் சுருள்முடிக்கு விருதுகளில் தனிப் பிரிவு வைத்தார்கள். அந்தப் பிரிவில் மும்முறை வென்ற சார்லட் மென்சா 2018-இல் பிரிட்டிஷ் ஹேர்டிரெஸ்ஸிங்கின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். விருதுகள் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. அந்நாட்டின் முடிதிருத்தத் தொழிற்கல்வித் தரங்களிலேயே சுருள்முடி வேலை உரிய முறையில் சேர்க்கப்பட்டது 2021-இல்தான். ஒரு வகை முடியில் கைவைத்தே பழகாத நடுவர், அந்த முடியில் எது கடினம், எது எளிது என்று எப்படி அறிவார்? தனிப் பிரிவு அந்த முடியை அறிந்த நடுவர்களுக்கு இடம் தந்தது. அதே வேளையில், பொதுப் பிரிவு நடுவர்கள் அதை அறியாமலே இருக்கவும் வசதி செய்து கொடுத்தது. நம் போட்டிகளில் கறுப்பு முடிக்குத் தனிப் பிரிவு கேட்பதை நான் ஆதரிக்கமாட்டேன். நடுவர் குழுவில் கறுப்பு முடியை அன்றாடம் வெட்டுகிறவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பேன்.

திருத்திய படங்கள்

படத்திருத்தத்தைப் பற்றி நீளமாகப் பேச நான் விரும்பவில்லை. ஏனெனில் அதில் கருத்து வேறுபாட்டுக்கு அதிக இடமில்லை. தோலைத் திருத்தலாம், பின்னணியில் உள்ள தூசியை நீக்கலாம், முடியின் வடிவத்தைத் தொடக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க நடுவர் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. நெற்றியோரத்துக் குழந்தை முடிகள் மொத்தமாக மறைந்திருந்தால், தோலை மென்மையாக்கிய கருவி முடிக்குள் நுழைந்திருக்கிறது. சுருள்களில் ஒரே வளைவு அப்படியே மறுபடியும் வந்தால், ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முடியின் பருமனை இழுத்துப் பெருக்கியிருந்தால், அதை ஒட்டிய பின்னணியின் நேர்க்கோடு லேசாக வளைந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு வரைந்த தலைகளில் இழைகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். வகிட்டைப் பின்தொடர்ந்து போனால் வேர் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இராது.

ஆனால் கண்ணை மட்டும் நம்பிய காலம் முடிந்துவிட்டது. 2015-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற செய்தி ஒளிப்படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காட்டை, மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டபின் விலக்கினார்கள். 2023-இல் சோனி உலக ஒளிப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சென், தம் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று தாமே அறிவித்து விருதை மறுத்தார். ஒளிப்படத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்களின் மேசையிலேயே இது நடந்திருக்கிறது என்றால், கத்தரியைப் பிடித்துப் பழகிய எங்களால் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிட முடியும் என்று எண்ணுவதற்கில்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு தொகுப்புக்கும் திருத்தப்படாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது சிறு போட்டிகளிலும் கட்டாயமாக வேண்டும்.

கூட்டித் தரும் தீர்ப்பு

அன்றைய போட்டியில் முதல் பரிசு பொன்னிறத் தொகுப்புக்கும் போகவில்லை, கறுப்பு முடித் தொகுப்புக்கும் போகவில்லை. மூன்றாவதாக ஒரு தொகுப்பு வென்றது: நேர்த்தியான அலைமுடி, நல்ல ஒளி, யாருக்கும் பிடிக்காமல் போக வழியில்லாத வேலை. கறுப்பு முடித் தொகுப்பு இரண்டாம் இடத்தில் நின்றது. இதில் முறைகேடு எதுவும் இல்லை. கூட்டலின் இயல்பு அது. ஐந்து நடுவர்கள் ஒரு தொகுப்புக்கு 10, 9, 9, 5, 4 என்று இட்டால் மொத்தம் 37. இன்னொன்றுக்கு 8, 8, 8, 7, 7 என்று இட்டால் 38. ஐவரில் மூவர் முதல் தொகுப்பையே உயர்ந்ததாகக் கருதினாலும், வெல்வது இரண்டாவதாகத்தான் இருக்கும். யாரையும் தொந்தரவு செய்யாத வேலையைச் சராசரி எப்போதும் முன்னால் கொண்டுவரும். புதிய கேள்வி கேட்கும் வேலை சிலரையாவது முகம் சுளிக்க வைக்கும்.

வேர்ல்டுஸ்கில்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே தரத்தை மதிப்பிடும் கூறுகளுக்கு மூன்று நடுவர்கள் 0 முதல் 3 வரை ஒரே நேரத்தில் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். அவர்களுக்குள் ஒன்றுக்கு மேல் வேறுபாடு வந்தால் காரணம் சொல்லிப் பேசித் தீர்க்க வேண்டும். எங்கள் மேசையில் 10-க்கும் 4-க்கும் நடுவே இருந்த பள்ளத்தைப் பற்றி யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. தாள்களைச் சேகரித்துக் கூட்டிவிட்டார்கள். 4 இட்டவர் ஒருவேளை ஒளியைப் பார்த்து இட்டிருக்கலாம். 10 இட்டவர் பிடரியைப் பார்த்து இட்டிருக்கலாம். இருவரும் ஐந்து நிமிடம் ஒரே படத்தின் முன்னால் நின்று பேசியிருந்தால், இருவரில் ஒருவராவது எண்ணை மாற்றியிருப்பார். அந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு போட்டியும் ஒதுக்க வேண்டும்.

பார்க்கும் வரிசையும் தீர்ப்பைத் தொடுகிறது. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் பியானோ போட்டியின் முடிவுகளை ஆராய்ந்து விக்டர் ஜின்ஸ்பர்க், யான் வான் ஊர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, யார் எந்த நாளில் வாசிப்பது என்பது குலுக்கலில் முடிவானாலும், முதல் நாளில் வாசித்தவர்கள் இறுதிப் பட்டியலில் பின்தங்கியதைக் காட்டியது. அவ்வளவு பயிற்சி பெற்ற செவிகளுக்கே அது நேர்கிறது என்றால், ஒரு பிற்பகலில் மேசை நிறையத் தொகுப்புகளைப் பார்க்கும் எங்கள் கண்களுக்கு நேராதா? ஒவ்வொரு நடுவருக்கும் தொகுப்புகளை வெவ்வேறு வரிசையில் கொடுப்பதற்குச் செலவே இல்லை. பெயரை நீக்குவதும் நல்லதுதான். ஆனால் ஒரே பிரிவில் மும்முறை வென்றவர்களைப் புகழ்மண்டபத்தில் சேர்க்கும் அளவுக்குத் தொடர்ந்து வெல்பவர்கள் உள்ள துறையில், பழகிய நடுவருக்கு ஒருவரின் கை பெயர் இல்லாமலே தெரிந்துவிடும். அதைத் தடுக்க இயலாது. வரிசையையும் விவாதத்தையும் சரிசெய்வது நம் கையில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, பெரும்பாலான போட்டிகளில் தோற்றவர்களுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேர்வதில்லை என்பதே. மாடல்களைத் தேடி, சம்மதிக்க வைத்து, ஸ்டுடியோ பிடித்து, மாதக்கணக்கில் உழைத்து அனுப்பியவருக்குக் கிடைப்பது பட்டியலில் தம் எண் இல்லை என்ற செய்தி மட்டுமே. எது தவறியது, வெட்டா, ஒளியா, படங்களின் தேர்வா என்று தெரியாததால், அடுத்த ஆண்டு அவர்கள் வென்றவரின் பாணியைப் பார்த்து அதையே செய்கிறார்கள். அதனால்தான் போட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு நடுவர் இரண்டு மூன்று வரி எழுதினால் போதும் என்று அன்று மாலை அமைப்பாளர்களிடம் கேட்டேன். நேரமில்லை என்றார்கள், எழுதித் தந்தால் அனுப்பிவைக்கிறோம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அக்காவும் நானும் தொகுப்புகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, கூடத்தைப் பூட்ட ஆள் வரும்வரை எழுதினோம். கறுப்பு முடித் தொகுப்பு என் பங்கில் வந்தது. அதற்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "நான்கு தலைகளிலும் முடி வளரும் திசையைப் படித்து வெட்டியிருக்கிறீர்கள். இரட்டைச் சுழிக்கு நீங்கள் கண்ட தீர்வை என் வகுப்பில் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். ஆனால் ஒளி முன்னாலிருந்து மட்டுமே விழுவதால் அடுக்குகள் படத்தில் தெரியவில்லை. அடுத்த முறை ஒரு விளக்கைத் தோளுக்குப் பின்னால் வையுங்கள். முடியை வெளுக்க வேண்டாம்."